வாயிலில் நிற்பவன்

பனிச்சறுக்கு எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் பல குளிர்காலங்களைக் கழித்த பின்னும், காலில் சறுக்குக் கட்டைகளை மாட்டிக்கொண்டு ஒரு சரிவில் கௌரவமாக இறங்க என்னால் இயலாது. இருமுறை முயன்றேன். இருமுறையும் ஐந்து வயதுக் குழந்தைகள் என்னைச் சுற்றிக்கொண்டு கீழே போக, நான் பனியில் உட்கார்ந்திருந்தேன். அதோடு அந்த ஆசை தீர்ந்தது. ஆனாலும் கல்லூரி மாணவர்களின் பனிச்சறுக்குப் பந்தயங்களோடு எனக்கு ஒரு தொடர்பு ஏற்பட்டுவிட்டது. அது ஒரு தவறில் தொடங்கிய தொடர்பு. அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு என்றால் நம்மவர்களுக்குக் கால்பந்தும் கூடைப்பந்தும் நினைவுக்கு வரும். லட்சம் பேர் அமரும் அரங்கமும், தொலைக்காட்சியும், பணமும் நினைவுக்கு வரும். என்.சி.ஏ.ஏ. என்ற அதே அமைப்புதான் ஒவ்வொரு மார்ச் மாதமும் தேசியப் பனிச்சறுக்குப் போட்டியையும் நடத்துகிறது. முதல் போட்டி 1954இல் நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரை ஒட்டிய மலையில் நடந்தது. டென்வர் பல்கலைக்கழகம் வென்றது. அதன் பயிற்சியாளர் வில்லி ஷேஃப்லர், ஜெர்மனியிலிருந்து வந்தவர். 1970 வரை பதவியில் இருந்து 13 தேசியப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். டென்வரின் பட்டங்கள் 2018இல் 24 ஆயின. 

அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டுமே போட்டியிட்டார்கள். மலையிலிருந்து இறங்குவது, கழிகளுக்கிடையே வளைந்து செல்வது, காட்டுப் பாதையில் மைல்கணக்கில் சறுக்கி ஓடுவது, மேடையிலிருந்து காற்றில் தாவுவது எல்லாவற்றையும் ஒரே மாணவன் செய்வான். எல்லாவற்றிலும் சேர்த்துச் சிறந்தவனுக்கு ஸ்கீமைஸ்டர் என்று ஒரு பட்டமே இருந்தது. 1980க்குப் பிறகு தாவுதல் நீக்கப்பட்டது. எல்லாம் அறிந்த மாணவன் என்ற இலட்சியமும் அதோடு போயிற்று.

1983இல் இன்னொரு மாற்றம் வந்தது. ஆண்களும் பெண்களும் ஒரே அணியாக்கப்பட்டார்கள். இன்றும் அப்படித்தான். ஓர் அணிக்கு அதிகபட்சம் 12 பேர். மலைச்சரிவுப் பந்தயங்களுக்கு மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். நார்டிக் எனப்படும் நெடுந்தொலைவுப் பந்தயங்களுக்கும் அதே கணக்கு. நான்கு நாட்கள், எட்டுப் பந்தயங்கள். எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டினால் அணியின் எண் வரும். 

இதில் ஒரு விசித்திரம் உண்டு. பந்தயத்தின்போது யாரும் யாருக்கும் உதவ முடியாது. பந்தை வாங்கிக் கொடுக்க ஆள் கிடையாது. ஒருத்தி மலையுச்சியில் தனியாக நிற்கிறாள், தனியாக இறங்குகிறாள், தனியாக விழுகிறாள். ஆனால் அவள் பெற்றதும் இழந்ததும், மறுநாள் வேறொரு காட்டில் மூச்சு வாங்க ஓடப்போகும் ஒருவனின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பழைய கூட்டுக்குடும்பங்களின் வரவு செலவுப் புத்தகம் போல. அண்ணனும் தம்பியும் முகம் பார்த்துப் பேசியிருக்கமாட்டார்கள். கணக்கு மட்டும் ஒன்றாக இருக்கும்.

இப்போட்டியிலிருந்து உலக மேடைக்குப் போனவர்கள் உண்டு. தேசிய அணியில் இடம் இல்லாமல் டார்ட்மத் கல்லூரிக்குப் படிக்க வந்த டேவிட் சொடௌன்ஸ்கி, 2005இல் சிலாலம் பந்தயத்தில் தேசியப் பட்டம் வென்றார். 2007இல் அவருடைய கல்லூரி அணிப் பட்டம் வென்றது. பின்னர் 2014, 2018 ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். தேசிய அணியிலிருந்து விலக்கப்பட்ட பாலா மோல்ட்ஸன், வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 2017இல் அதே பட்டத்தை வென்றார். எட்டு ஆண்டுகள் கழித்து, 2025இல், ஆஸ்திரியாவின் ஸால்பாக்கில் நடந்த உலகப் போட்டியில் ஜயன்ட் சிலாலத்தில் வெண்கலம் பெற்றார். ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். பெரும்பாலான மாணவர்களுக்குக் கல்லூரியின் கடைசி மார்ச் மாதம்தான் எல்லை. அதற்குப் பிறகு வேலை, ஊர், குடும்பம். மூன்று நான்கு வயதில் தொடங்கிய ஒன்று இருபத்திரண்டு வயதில் முடிந்துவிடுகிறது.

இந்தக் கடைசி வரியின் பொருள் எனக்கு 2019 பிப்ரவரியில் தெரிந்திருக்கவில்லை.

*

அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார். வெர்மான்ட் பக்கத்து மலை ஒன்றில் கல்லூரிப் பந்தயம் நடக்கிறது, தன்னார்வலர்கள் போதவில்லை, வருகிறீர்களா என்று. எனக்குச் சறுக்கத் தெரியாதே என்றேன். "சறுக்க வேண்டாம், நிற்கத் தெரிந்தால் போதும்" என்றார். நிற்பதில் எனக்குக் குறைவில்லாத பயிற்சி உண்டு. மண்ணெண்ணெய் வரிசையில் நின்று வளர்ந்தவன் நான்.

இங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் கல்லூரிகள் முறைவைத்து வார இறுதிப் பந்தயங்களை நடத்துகின்றன. அவற்றுக்குக் கார்னிவல் என்று பெயர். இவற்றின் முடிவுகளை வைத்துத்தான் மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு ஆட்கள் தேர்வாகிறார்கள். நான் போனது அந்தப் பருவத்தின் பிற்பகுதியில் நடந்த ஒன்று.

காலை ஏழு மணிக்கு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே பதினெட்டு டிகிரி. வாயில் நடுவர்களின் தலைவி எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் எல்லோரையும் வகுப்பறைப் பிள்ளைகளைப் போல நிற்கவைத்துப் பாடம் நடத்தினார். காலணிக்கடியில் மாட்டிக்கொள்ள இரும்பு முட்கள், ஓர் அட்டை, ஒரு பென்சில் கொடுத்தார். பேனா உதவாது, இந்தக் குளிரில் மை உறைந்துவிடும்.

சிலாலம் என்பது ஐம்பது அறுபது வாயில்களின் ஊடே இறங்குவது. சிவப்பும் நீலமுமாகக் கழிகள் மாறி மாறி நிற்கும். அவை அடியில் மடங்கக்கூடியவை. ஓடுபவர்கள் கையாலும் முழங்காலுக்குக் கீழேயும் அவற்றை அறைந்து சாய்த்துக்கொண்டு கழியை ஒட்டிப் போகிறார்கள். நேரத்தை மின்கருவி நூறில் ஒரு பங்கு வினாடிவரை அளக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாயிலையும் அவர்கள் முறையாகக் கடந்தார்களா என்று பார்ப்பது பனியில் நிற்கும் மனிதக் கண். இரண்டு கட்டைகளின் நுனிகளும் இரண்டு பாதங்களும் வாயிலின் கோட்டைக் கடந்திருக்க வேண்டும். ஒரு நுனி கழியின் அந்தப்பக்கம், மற்றொன்று இந்தப்பக்கம் என்று போனால் பிழை. நடுவர் அட்டையில் மார்பு எண்ணையும் வாயில் எண்ணையும் எழுதி, நடந்ததைப் படமாக வரையவும் வேண்டும்.

"உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். சந்தேகமிருந்தால் அதன் பலன் ஓடுபவருக்கு" என்றார் ஆசிரியை. பிறகு இன்னொன்றும் சொன்னார். தடுமாறியவரோ விழுந்தவரோ உங்களிடம் கேட்கலாம், அல்லது உங்களைப் பார்க்கலாம். அப்போது நீங்கள் ஒரே ஒரு சொல்லைத் தெளிவாக, உறுதியாகச் சொல்ல வேண்டும். வாயிலைச் சரியாகக் கடந்திருந்தால் 'கோ'. கடக்கவில்லை என்றால் 'பேக்'. வேறு எதுவும் பேசக்கூடாது.

'பேக்' என்று கேட்டால் சிலாலத்தில் ஒரு வழி இருக்கிறது. அடுத்து வருபவருக்கு இடையூறில்லாமல், அவர் தன்னைத் தாண்டிப் போவதற்குள், சரிவில் மேலேறி, தவறவிட்ட வாயிலைச் சரியாகக் கடந்து மீண்டும் இறங்கலாம். பல வினாடிகள் போய்விடும். ஆனாலும் முடித்தவர் பட்டியலில் பெயர் இருக்கும். அணிக்கணக்கில் அது சிறிய விஷயம் அல்ல. அதனால் கல்லூரிப் பந்தயங்களில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்தும் மூச்சிரைக்க மேலே ஏறுபவர்களைப் பார்க்கலாம். கீழே நிற்கும் கூட்டம், முதலிடம் பெற்றவருக்குத் தந்ததைவிட அதிக ஆரவாரத்தை அவர்களுக்குத் தரும்.

எனக்குக் கிடைத்தவை 31ஆம் வாயில் முதல் 34ஆம் வாயில் வரை. சரிவு சற்றே செங்குத்தாகும் இடம். முப்பது நாற்பது வினாடிக்கு ஒருவராக வந்தார்கள். முதல் ஐந்து பேரைப் பார்த்தபோது எதுவும் புரியவில்லை. வந்த சுவடு தெரியாமல் போனார்கள். பத்தாவது ஆளுக்குப் பிறகு கண் பழகியது. முகத்தைப் பார்க்கக்கூடாது, கட்டைகளின் நுனியைப் பார்க்க வேண்டும், கழி எந்தப் பக்கமாகச் சாய்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது புரிந்தது. கால் விரல்கள் மரத்துப்போயின. என் அட்டை வெறுமையாக இருந்தது. அதில் ஒரு சிறிய பெருமைகூட ஏற்பட்டது.

பெண்களின் இரண்டாம் சுற்றில் அவள் வந்தாள். மார்பு எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. 32இல் பின்புறமாகச் சாய்ந்தாள், ஒரு கை பனியைத் தொட்டது, 33ஆம் வாயிலின் கழி அவளுடைய இரண்டு கால்களுக்கும் நடுவே போயிற்று. அவள் ஏறக்குறைய நின்றுவிட்டாள். விழவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நான் பார்த்திருந்தேன். அதைத்தான் சொல்ல வேண்டும். கழி கால்களுக்கு நடுவே போனதை நான் பார்த்திருந்தேன். ஆனால் பார்த்ததற்கும் பார்த்தேன் என்று சொல்வதற்கும் இடையில் ஏதோ ஒன்று குறுக்கிட்டது. உறுதியாகத் தெரியுமா என்று மனம் கேட்டது. தடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றது. நீ யார், காலில் கட்டை மாட்டத் தெரியாதவன், பதினைந்து வருடம் பழகிய பெண்ணைப் பார்த்துத் திரும்பிப் போ என்று சொல்ல, என்றும் கேட்டிருக்கலாம். ஒரு வினாடி, அதிகம் போனால் இரண்டு. என் மௌனத்தை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். கம்புகளை ஊன்றித் தன்னை முன்னே தள்ளினாள். 34ஐக் கடந்து போய்விட்டாள்.

நான் சரிவில் இரண்டடி ஏறித் தடத்தைப் பார்த்தேன். பனியில் தெளித்திருந்த நீலச் சாயத்தின்மேல் இடது கட்டையின் கோடு, கழியின் தவறான பக்கத்தில், வரைந்து வைத்ததுபோல் கிடந்தது. சந்தேகமே இல்லை. 

அட்டையில் எழுதினேன். படமும் வரைந்தேன்.

தகுதி நீக்கப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பிறகு மறுப்புத் தெரிவிக்கப் பதினைந்து நிமிட அவகாசம் உண்டு. அந்த அணியின் பயிற்சியாளர் மறுப்புக் கொடுத்தார். என்னை அழைத்தார்கள். மரத்தால் கட்டிய சின்ன அறை, எரியும் விறகு, ஈரக் கம்பளி நாற்றம். நான் படத்தைக் காட்டி விளக்கினேன். பயிற்சியாளர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "அவளிடம் ஏதாவது சொன்னீர்களா?"

"இல்லை."

முடிவு மாறவில்லை. விதி தெளிவானது. வாயிலைக் கடந்தோமா என்பது கடைசியில் ஓடுபவரின் பொறுப்பு. நடுவரின்மேல் பழி சொல்ல முடியாது. விதி என்னைக் காப்பாற்றிவிட்டது. வெளியே வந்தபோது அவள் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்து, குற்றம் சாட்டும் குரலில் அல்லாமல், புரியாத ஒன்றைக் கேட்பவளைப்போலச் சொன்னாள்: "நான் உங்களைப் பார்த்தேனே."

அவ்வளவுதான். அவளுக்கு அது கல்லூரியின் கடைசி ஆண்டு என்று நண்பர் காரில் வரும்போது சொன்னார்.

*

அந்த மார்ச் மாதம் தேசியப் போட்டி வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோவில் நடந்தது. போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். நார்டிக் பந்தயம் நடந்த இடம் டிராப் குடும்பத்தின் விடுதியைச் சேர்ந்த காட்டுப் பாதைகள். 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் மூலக் குடும்பம் அவர்களே. 1968 முதல் அங்கே சறுக்குப் பாதைகளை நடத்திவருகிறார்கள். கோட்டைத் தொட்டவுடன் ஒவ்வொருவரும் பனியில் குப்புற விழுந்தார்கள். முன்பே வந்து சேர்ந்தவர்கள் எழுந்துபோய், அடுத்து வந்து விழுபவர்களின் கால்களிலிருந்து கட்டைகளைக் கழற்றிவிட்டார்கள். அது தன் அணியைச் சேர்ந்தவனா என்று பார்த்ததாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு யூட்டா பல்கலைக்கழகம் வென்றது.

மலைச்சரிவுப் பந்தயங்களின் பட்டியலில் அவள் பெயரைத் தேடினேன். இல்லை. என்னால்தான் இல்லை என்று சொல்ல முடியாது. தேர்வு ஒரு பந்தயத்தை மட்டும் வைத்து நடப்பதில்லை. நான் 'பேக்' என்று கூவியிருந்தாலும், அவள் ஏறி இறங்கி, கடைசி ஆளாக வந்திருந்தாலும், இந்தப் பட்டியலில் இடம் கிடைத்திருக்காது என்றே கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கைப் பல இரவுகள் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அவள் என்னிடம் கேட்டது பட்டியலில் ஓர் இடத்தை அல்ல. ஒரு சொல்லை.

என்னை உறுத்தியது இதுதான். நான் பொய் சொல்லவில்லை. அட்டையில் எழுதியது உண்மை. முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியபோது சொல்லாமல், அவள் போன பிறகு, காகிதத்தில், பென்சிலால், திருத்தமாக எழுதினேன். எழுதுகிறவர்கள், எழுத்தை நம்புகிறவர்கள் இந்தப் பழக்கத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று நினைக்கிறேன். என் அப்பாவின் கடைசி மாதங்களில் அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததை, அவர் போன பிறகு எட்டுப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் உண்மைதான். அதுவும் திருத்தமாகத்தான் இருக்கிறது.

மறு ஆண்டு என்னைக் கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்று தட்டிக்கழித்தேன். 

2020 மார்ச்சில் தேசியப் போட்டி மொன்டானாவின் போஸ்மன் நகரில் நடந்தது. இரண்டு நாள் பந்தயங்கள் முடிந்திருந்தன. யூட்டா முன்னணியில் இருந்தது. மார்ச் 12 அன்று கொரோனாவின் காரணமாக என்.சி.ஏ.ஏ. எஞ்சிய போட்டிகள் அனைத்தையும் ரத்து செய்தது. நான்கு பந்தயங்கள் நடந்தன, நான்கு நடக்கவில்லை. அணிப் பட்டம் யாருக்கும் இல்லை. சிலாலத்துக்காக வந்திருந்தவர்கள் கட்டைகளை உறையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்குக் கடைசி ஓட்டம் முன்னறிவிப்பின்றி முந்தின நாளே முடிந்துபோயிருந்தது. அந்தச் செய்தியை வாசித்தபோது, சுவரில் சாய்ந்து நின்ற பெண்ணைத்தான் நினைத்தேன். 

*

2022இல் மீண்டும் போனேன். ஆசிரியை இன்னும் இருந்தார். என்னை நினைவு வைத்திருந்தார். "அன்றைக்கு உங்கள் அட்டை சரியாக இருந்தது. குரல்தான் வரவில்லை" என்றார். பிறகு, வகுப்பில் தவறு செய்த மாணவனுக்கு மறுபடியும் அதே கணக்கைக் கொடுப்பதுபோல, செங்குத்தான இடத்தில் நான்கு வாயில்களைக் கொடுத்தார்.

அன்று ஆண்கள் சுற்றில் ஒருவன் என் இரண்டாவது வாயிலைத் தவறவிட்டுப் பக்கவாட்டில் வழுக்கி நின்றான். அவன் தலை என் பக்கம் திரும்புவதற்குள் "பேக்" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் அந்நிய தேசத்தில் பேசியது அதுவே முதல் தடவை. அவன் ஏறினான். கட்டைகளை மீன்முள்போல் விரித்து வைத்து, ஒவ்வோர் அடியாக, கம்புகளை ஊன்றி, முனகிக்கொண்டு ஏறினான். கழியைச் சுற்றி வந்தான். என்னைக் கடக்கும்போது என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. கீழே அவன் போய்ச் சேர்ந்தபோது எழுந்த ஆரவாரம் மேலே எனக்குக் கேட்டது.

அதற்காக 2019இன் கணக்குத் தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஒருத்திக்குத் தர வேண்டியதை இன்னொருவனுக்குக் கொடுத்தேன். கூட்டுக்குடும்பக் கணக்கில் அது செல்லுமோ என்னவோ.

2025 மார்ச்சில் தேசியப் போட்டி எங்கள் பக்கத்துக்கே வந்தது. டார்ட்மத் கல்லூரிக்கு லைம் என்ற சிற்றூரில் சொந்தமாகச் சறுக்கு மலை இருக்கிறது. சாலைக்கு இருபுறமும் இரண்டு குன்றுகள்; ஒன்றன் மேலாக அப்பலாச்சியன் நெடும்பாதை போகிறது. அங்கேதான் மலைச்சரிவுப் பந்தயங்கள். யூட்டா மறுபடியும் வென்றது. சிலாலம் நடந்த நாளில் எனக்கு நான்கு வாயில்கள் கிடைத்தன. ஆசிரியை அந்த ஆண்டு வரவில்லை. முழங்கால் அறுவைச் சிகிச்சை என்றார்கள். பென்சிலை நானே கொண்டுபோயிருந்தேன்.

அணிக்கு மூன்றே பேர். விழுந்தவருக்கு மாற்றாகக் கணக்கில் சேர்க்க நான்காவது ஆள் இல்லை. எல்லோரும் அதை அறிந்தே இறங்கினார்கள். மேற்கிலிருந்து வந்தவர்கள், நார்வேயிலிருந்து படிக்க வந்தவர்கள், இந்த மலையிலேயே வளர்ந்தவர்கள் என்று ஒருவர் பின் ஒருவராக என் நான்கு வாயில்களையும் கடந்துபோனார்கள். ஒரு நுனிகூடத் தவறவில்லை. அட்டை வெறுமையாகவே இருந்தது. அதில் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கடைசி ஆள் போய், தடத்தைச் சீர்செய்பவர்கள் கழிகளைப் பிடுங்கத் தொடங்கிய பிறகும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். நாள் முழுவதும் தொண்டையில் தயாராக வைத்திருந்த சொல் அப்படியே இருந்தது. இறங்கலாம், முடிந்துவிட்டது என்று கீழேயிருந்து யாரோ கையசைத்தார்கள். அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, இரும்பு முட்களைப் பனியில் ஊன்றி ஊன்றி, மெதுவாக இறங்கினேன்.